நெருப்பு இல்லையாம்

அப்புறம் இத்தனை வருஷமாக எரிந்துகொண்டிருந்தது என்ன, அதை யார் வந்து அணைத்தது, எப்போது அணைத்தது... சபைக்குப் புதிதாக வந்த பாதிரி ஐயர் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறார், நரகத்து நெருப்பை நம் வீட்டு அடுப்பு நெருப்பு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாதாம், அது உருவகமாம், பெரிய துக்கத்துக்கு வேதம் போட்டுக் காட்டுகிற படமாம். ஓரிடத்தில் நெருப்பு என்று சொல்லியிருக்கிறது, இன்னோரிடத்தில் காரிருள் என்று சொல்லியிருக்கிறது, நெருப்பு எரிகிற இடத்தில் இருட்டு எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். ஜெபக்கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. ஈர வறட்டியில் மூட்டம் போட்டுப் பார்த்ததில்லை போலிருக்கிறது இந்த ஆள். மாதம் ஒரு ஞாயிறு கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து துடியலூரில் இறங்குகிறவர், பெங்களூரில் படித்தவராம், மீசை இன்னும் கறுத்து முடியவில்லை. மெதுவாகப் பேசுகிறவர்களைச் சென்னியப்பன் நம்புவதில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகன் மெதுவாகத்தான் பேசுவான். கிணற்றில் கரண்டு மோட்டார் வைத்துவிட்டு, இனிமேல் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்ட ஆள் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்குப் பண்ணையார் நரசிம்மலு நாயுடு எவ்வளவு மெதுவாகக் கேட்டார், "ஏஞ்சென்னி, ஒடம்பு எப்படி இருக்குது?" என்று... அதற்கு முன்னால் ஒரு நாளாவது அந்த உடம்பைப் பற்றிக் கேட்டிருப்பாரா.

உபதேசியார் யோபு ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாவம், அந்த மனுஷனின் பிழைப்பே போயிற்று. நரகம் என்றால் யோபு உபதேசியார்தான், மேசையை அடிக்கிற அடியில் விளக்கு ஆடும், அங்கே விறகு தீராது, அங்கே மழை பெய்யாது, அங்கே ஒருத்தன் கருகி முடிந்ததும் மறுபடி தோல் முளைக்கும் என்று சொல்லுவார், பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். தோல் முளைப்பது எந்த அதிகாரத்தில் இருக்கிறதோ அவருக்குத்தான் தெரியும். பெண்சாதி பூவாத்தாளைப் பள்ளத்தோரத்து இடுகாட்டில் வைத்துவிட்டு வந்த மறு ஞாயிறும் அதேதான் பேசினார், ஞானஸ்நானம் வாங்காமல் போனவர்களின் கதி என்று. பாயில் இருந்த அத்தனை பேரும் சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள், தலை கவிழும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. அவர் கவிழவில்லை. அடியடி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார், அந்த மேசை உடைகிற மட்டும் அடி, நீ சொல்லுகிற நெருப்பை அவளுக்குத் தெரியும், அவளை அதற்கும் தெரியும்... அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சபையை விட்டுத் தள்ளுவார்கள். ஆனால் மாசியிலிருந்து இந்த ஆடி வரைக்கும் அவர் ராத்திரி கண்ணை மூடித் தூங்குகிறார் என்றால் அந்த ஒரு நினைப்பில்தான்.

குண்டம். இவர்கள் குடியிருக்கிற வளவு மாரியம்மனுக்குக் குண்டம் சின்னதுதான், ஊர்க் கோயிலில் இறங்க இவர்களை யார் விட்டார்கள், தங்களுக்கென்று தாங்களே வெட்டிக்கொண்ட குழி, ஊஞ்ச விறகும் வேம்பும் போட்டு ராத்திரியெல்லாம் எரித்து, விடிகிறபோது முறத்தால் வீசிச் சாம்பலை ஓட்டினால் செக்கச்செவேல் என்று கிடக்கும், அதைப் பூ என்பார்கள், நெருப்பு என்று வாயால் சொல்லக் கூடாது. கவலை ஓட்டும்போது வடம் அறுந்து அவர் நாயுடு கிணற்றுக்குள் விழுந்து, கூட வந்த மாடும் செத்து, பேச்சு மூச்சில்லாமல் நாள்கணக்கில் கிடந்தபோது பூவாத்தாள் வேண்டிக்கொண்டாள், இந்த உசுரைக் கொடுத்தால் என் உசுர் இருக்கிற மட்டும் வருஷா வருஷம் பூ மிதிக்கிறேன் என்று. பைத்தியக்காரி, ஒரு வருஷம் என்று வேண்டியிருக்கலாம், மிஞ்சினால் மூன்று வருஷம்... முதல் தடவை அவள் இறங்கினபோது குண்டத்தின் அந்தக் கரையில் அவர்தான் தடியூன்றி நின்றார். மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலை, இடுப்பில் வேப்பிலை, நிமிர்ந்த தலை, ஓடவில்லை, மற்றப் பெண்கள் எல்லாம் ஓடினார்கள், இவள் களத்துமேட்டில் நெல்லைத் துழாவுகிறவள் மாதிரி நிதானமாக நடந்து வந்து அவர் முன்னால் ஏறினாள். உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், இரண்டு காலும் ஒட்டின சாம்பலைத் தவிரச் சுத்தமாக இருந்தது, கூச்சம் தாங்காமல் "அட விடுங்க மாமா, அத்தனை பேரும் பாக்கறாங்க" என்று உதைத்தாள். அவரை, அத்தனை பேர் பார்க்க, அந்தக் காலால். அந்த உதையின் இடம்கூட இன்னும் மார்பில் தெரிகிற மாதிரி இருக்கிறது.

அதற்கு அப்புறம்தான் கிணறு வந்தது. மிஷன்காரர்கள் வளவுக்குள்ளேயே ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தார்கள், அதுவரைக்கும் நாயுடு தோட்டத்து வாய்க்காலில் மாடு குடித்த மிச்சம்தான். சென்னியப்பன் மனசு மாறினதற்குக் காரணம் கேட்டால் மற்றவர்கள் மாதிரி ஒளியைக் கண்டேன், குரலைக் கேட்டேன் என்றெல்லாம் சொல்லத் தெரியாது, தண்ணியைக் கண்டேன் என்றுதான் சொல்லுவார். ஈசாக்கு என்று பேர் வைத்தார்கள், இன்றைக்கு வரைக்கும் யோபு ஒருத்தரைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. நீயும் வந்து சேர்ந்துகொள் என்றதற்குப் பூவாத்தாள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே சொன்னாள், "அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிப்பேனுங்க, தலையில ஊத்திக்க மாட்டேன்." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை. அவர் அதட்டவுமில்லை. அவள் யாருக்காக வேண்டினவள் என்று அவருக்குத் தெரியாதா. கடைசியில் சளிக்காய்ச்சலில் மூச்சு இழுக்கும்போது யோபு கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து தலைமாட்டில் நின்றார், அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். போங்க ஐயா என்று இவர்தான் உபதேசியாரை அனுப்பினார். அனுப்பினபோது பயமில்லை, சத்தியமாகப் பயமில்லை. நெருப்புத்தானே. போய் இறங்குவாள், நிதானமாக நடப்பாள், அந்தக் கரையில் ஏறுவாள். அங்கே இருக்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான்.

ஆனால் நெருப்பு இல்லை என்றால்... பாட்டு முடிந்துவிட்டது, எல்லாரும் எழுந்திருக்கிறார்கள், முழங்கால் பிடித்துக்கொண்டது, சுவரைப் பிடித்து எழுந்தார். நெருப்பு இல்லை என்றால் அவள் எதில் இருக்கிறாள், இதைக் கேட்காமல் இன்றைக்குச் சோறு இறங்காது. ஐயரின் தோல் பையைத் தூக்கப் போனவனை விலக்கிவிட்டு "நாந் தூக்கறனுங்க" என்று வாங்கிக்கொண்டார். ஆடிக்காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கிறது, சோளக்காட்டு வரப்பில் ஐயர் முன்னால், இவர் பின்னால், பை கனக்கிறது, உள்ளே புஸ்தகம்தான் இருக்கும், அத்தனை புஸ்தகம் படித்தால் நெருப்பு அணைந்துவிடும் போலிருக்கிறது. "ஏனுங்க ஐயரே." ஐயர் நின்றார். "சொல்லுங்க பெரியவரே." "நெருப்பு இல்லைன்னீங்க. அப்ப என்னதானுங்க இருக்குது அங்க?" ஐயர் அவர் முகத்தையே பார்த்தார், உபதேசியார் சொல்லியிருப்பார் போல, மனைவி தவறின ஆள் என்று, கண்ணில் இரக்கம் வந்துவிட்டது, அந்த இரக்கம் சென்னியப்பனுக்குப் பிடிக்கவே இல்லை. "பயப்படாதீங்க. யாரும் யாரையும் எரிக்கறது இல்லை. கடவுள் கசாப்புக்காரர் இல்லைங்க. நரகம்னா தனிமை, அவ்வளவுதான். கடவுளும் இல்லாம, மனுஷரும் இல்லாம, ஒரு ஆத்மா தன்னந்தனியா இருக்கறது. அந்த வேதனையைச் சொல்லத்தான் நெருப்புன்னு எழுதியிருக்கு." "தன்னந்தனியான்னா, பக்கத்துல ஒரு ஆளும் இருக்காதுங்களா?" "இருக்காது." "ஒரு சத்தம்? நாய் குரைக்கறது, அந்த மாதிரி?" ஐயருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டு அவர் தோளில் கையை வைத்தார். "அதெல்லாம் நாம யோசிச்சு மனசைக் குழப்பிக்க வேண்டாம் பெரியவரே. எரியலைங்கறதை நினைச்சு ஆறுதலா இருங்க." மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் வந்தது, பையை வாங்கிக்கொண்டு ஏறினார், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். நல்ல மனுஷன். நல்ல மனுஷன்தான், அதுதான் தொந்தரவு. கெட்டவன் சொன்னால் காறித் துப்பிவிட்டுப் போய்விடலாம்.

தன்னந்தனியா... பஸ் போன புழுதி அடங்கினதும் நடக்க ஆரம்பித்தார், கால் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. அந்தப் படுபாவி ஐயருக்கு வேறே வார்த்தை கிடைக்கவில்லையா. நெருப்பில் இறங்கத் தெரிந்த பூவாத்தாளுக்குக் காலி வீட்டில் ஒற்றையாக இருக்கத் தெரியாது. கல்யாணம் ஆன புதிதில் அவர் சந்தைக்குப் போன அன்றைக்கு, திரும்பி வந்து பார்த்தால் வீடு திறந்து கிடக்கிறது, இவள் பக்கத்து வீட்டு வாசலில் யாருடைய பிள்ளையையோ மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், "ஊட்டுக்குள்ள ஆரோ மூச்சு உடற மாதிரி இருக்குதுங்க மாமா" என்கிறாள். அது உன் மூச்சுத்தாண்டி என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார், கேட்டால்தானே. ராத்திரி முறைக்குத் தண்ணீர் கட்டப் போனால் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து வரப்பில் படுத்துக்கொள்வாள், குளிரில் பல் கிட்டிக்கொள்ளும், வீட்டுக்குப் போ என்றால் போக மாட்டாள், மடை திருப்பப் போகிறபோதெல்லாம் "இருக்கறீங்களா?" என்று கேட்பாள், "இருக்கறேன்", கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "இருக்கறீங்களா?"... எரிச்சலாக வரும். செத்துப்போயிட்டேன் என்று கத்தியிருக்கிறார் ஒரு தடவை. அங்கே அவள் யாரைக் கேட்பாள், எந்தப் பக்கம் பார்த்துக் கேட்பாள், பதில் வராமல் போனால் எத்தனை தடவைதான் கேட்டுக்கொண்டிருப்பாள்... முடிவில்லாமல் என்று சொன்னாரே ஐயர். இல்லை, அது உபதேசியார் சொன்னது. ரெண்டு பேரில் யார் சொன்னால் என்ன.

வேண்டாம், நெருப்பே இருக்கட்டும். நின்று பார்த்தால் உபதேசியார் வீட்டு வேலிப்படல் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். இதுவும் ஒரு கூத்துத்தான், யோபு உபதேசியாரின் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாமல் இத்தனை காலம் பாயில் உட்கார்ந்திருந்துவிட்டு, இன்றைக்கு அவர் வாயிலிருந்து நெருப்பு உண்டு என்று ஒரே ஒரு சொல் கேட்க வேண்டும் என்று வந்து நிற்பது. உபதேசியார் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மேசை இல்லாமல் பார்த்தால் ஆள் பாதியாகத் தெரிந்தார். "வா ஈசாக்கு." "உக்கார வரலீங்க. நெருப்பு இருக்குதுங்களா இல்லீங்களா? ஒரு சொல்லு சொல்லுங்க, போயர்றேன்." உபதேசியார் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயர்தான் சொல்லிட்டாரே. படிச்சவர்." "அவரு பஸ் ஏறிப் போயிட்டாருங்க. நீங்க சொல்லுங்க. மேசை மேசையா அடிச்சீங்களே, தோல் முளைக்கும்னீங்களே." உபதேசியார் எழுந்து வந்து, நம்ப முடியாத காரியம், சென்னியப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ள போன மறுவாரமே நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் நாக்குல சனி. நெருப்பெல்லாம் இல்லப்பா. நிம்மதியாப் போ." ஆளாளுக்கு வந்து நிம்மதியைக் கொடுக்கிறார்கள், கொடுக்கக் கொடுக்க அவருக்குக் காலடியில் மண் போய்க்கொண்டே இருக்கிறது.

உள்ளேயிருந்து உபதேசியாரின் சம்சாரம் தொற்காளம்மா சொளகோடு வந்து நிலையில் சாய்ந்தாள். "நல்லாருக்குதே நாயம்! காலமெல்லாம் எங்களை எரிச்சுப்போட்டு, இன்னைக்கு ஒரு சின்னப் பையன் வந்து சொன்னதும் அடுப்பை அமத்திப்போட்டீங்களாக்கும்." "நீ சும்மா இரு" என்றார் உபதேசியார். அந்தம்மா ஒருத்திதான் தன் பக்கம் என்று தோன்றிவிட்டது சென்னியப்பனுக்கு, அந்த நினைப்பில்தான் வாய் தவறியது, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டார். "நெருப்பு இருக்கட்டுமுங்கம்மா. இருந்தா எனக்குச் சந்தோசந்தான். எங்க பூவாத்தாள அது ஒண்ணும் பண்ணாதுங்க. அத்தனை வருசம் குண்டம் எறங்குனாளே, ஒரு கொப்புளம் உண்டா? சுடாத காலுங்க அது." சொளகில் இருந்த தானியம் ஒரு பக்கமாகச் சரிந்தது. தொற்காளம்மா அவரைப் பார்த்த பார்வை ஐயரின் பார்வை மாதிரி இல்லை, கோபம் மாதிரி இருந்தது. "ஆருங்க சொன்னது உங்களுக்கு, ஒரு கொப்புளம் இல்லைன்னு?" "நாம் பாத்தனுங்களே. கையில எடுத்துப் பாத்தேன்." "எந்த வருசம் பாத்தீங்க?" அவர் யோசித்தார். ஞானஸ்நானம் வாங்கினதற்கு அப்புறம் குண்டத்துப் பக்கம் போகக் கூடாது என்று சபைக் கட்டளை, போகவில்லை. தப்பட்டைச் சத்தம் கேட்கும், தோட்டத்தில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அவள் குண்டம் முடிந்து சில நாள் கழித்து நடக்கிற மறுபூசை வரைக்கும் கோயில் வாசலிலேயே மற்றப் பெண்களோடு படுத்திருந்துவிட்டு வருவாள், அது வேண்டுதல் முறை என்பாள், சபை ஆட்கள் முன்னால் அந்த நாளில் அவள் வீட்டில் இல்லாதது அவருக்கும் தோதாகத்தான் இருந்தது... "மறுபூசை வரைக்குங் கோயில்லதானுங்களே படுத்திருப்பா" என்றார். "கோயில்லயா?" என்றாள் தொற்காளம்மா. "நீங்க தண்ணி ஊத்திக்கிட்டீங்க பாருங்க, அந்த வருசத்துல இருந்து அவளுக்குக் காலு சுடும். வருசா வருசம் பொத்துப்போகும். கோயில்ல இருந்தா அம்மன் கைவிட்டுட்டான்னு நாலு பேரு பேசுவாங்கன்னு இருட்டுக் கட்டுனதும் வந்து நம்ம மாட்டுக் கொட்டாயிலதான் படுத்துக்குவா. சுண்ணாம்புத் தெளிவுல தேங்கா எண்ணெய் அடிச்சு நாந்தான் போட்டு உட்டேன். முந்தானையச் சுருட்டி வாயில வெச்சுக் கடிச்சுக்குவா, சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு." "நம்ம கொட்டாயிலயா?" என்று உபதேசியார் கேட்டார். "ஆமா, நம்ம கொட்டாயிலதான். நீங்க முன்னால உக்காந்து நெருப்பப் பத்திப் பிரசங்கம் எழுதிக்கிட்டிருந்தீங்க."

ஏன் எங்கிட்டச் சொல்லலை என்று அவர் கேட்டாரா, கேட்க நினைத்ததுதானா, தொற்காளம்மாவே சொன்னாள், சொளகைக் கீழே வைத்துவிட்டு, குரல் இறங்கிவிட்டது, "சொன்னா நிறுத்தச் சொல்லிப்போடுவாருக்கா, நிறுத்துனா அவரு உசுருக்கு ஆகாதுக்கா, அப்படீன்னுட்டா. அவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல." சென்னியப்பன் தலையை ஆட்டினார். வாரனுங்க என்று சொன்னார், சொன்ன ஞாபகம் இருக்கிறது. படலைச் சாத்தினாரா இல்லையா தெரியவில்லை. கொட்டாய் வேலியோரமாகத்தான் இருக்கிறது, கீற்றுச் சரிந்த கொட்டாய், ஒரு பசு நின்று தாடையை ஆட்டிக்கொண்டிருந்தது, இப்போது பார்த்தால் இரண்டு பேர் படுக்க இடம் இல்லை. ராத்திரி தொற்காளம்மா உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டிருப்பாள், போட்டுத்தானே ஆக வேண்டும், உபதேசியாருக்குத் தெரியக் கூடாதே. அப்புறம்? "இருக்கறீங்களா" என்று அங்கே யாரைக் கேட்டிருப்பாள், வாயிலோ சேலை... அந்த ராத்திரிகளில் இவர் வீட்டில் காலை நீட்டிக் குறட்டை விட்டிருப்பார். சந்தைத் தரகனை நம்பாதவர், நாயுடுவை நம்பாதவர், பெங்களூர்ப் படிப்பை நம்பாதவர், மறுபூசை முடிந்து வந்தவளிடம் கால் சுட்டுதா என்றதற்கு அவள் "பூவு சுடுமுங்களா மாமா?" என்று கேட்டதை மட்டும் சட்டென்று நம்பிவிட்டார், வருஷா வருஷம், அது கேள்வியாகத்தான் இருந்தது என்பதுகூட அப்போது தெரியவில்லை.

ஐயரும் உபதேசியாரும் அவளுக்கு இனிமேல் வரப்போவதைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருந்தார்கள்... சோளத்தட்டு காற்றில் சரசரவென்று படுத்து எழுந்தது. வரப்பில் உட்கார்ந்துகொண்டார். பாடையில் வைத்தபோது இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டினது அவர்தான், வேறு ஆளை விடவில்லை, முடிச்சை இறுக்காமல் கட்டினார், அவளுக்கு வலிக்குமோ என்று. முகத்தையே பார்த்துக்கொண்டு கட்டினார். கொஞ்சம் குனிந்திருந்தால் உள்ளங்கால் தெரிந்திருக்கும், கைக்குள்தான் இருந்தது. குனிந்திருந்தாலும், காட்டு வேலை செய்த காலில் எது வெடிப்பு எது தழும்பு என்று தெரிந்திருக்குமா... ஒரு காலா, இரண்டு காலுமா? ஒரு கால் என்றால் எந்தக் கால்? அதைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது, எழுந்து உபதேசியார் வீட்டுப் பக்கம் திரும்பினார், நாலு எட்டு வைத்தார், கேட்டுத் தெரிந்துகொண்டு இனிமேல் அந்தக் காலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.